சுண்ணாம்புச் செப்பு

வெகுகாலத்துக்கு முன்னே கருங்குன்றச் சீமையை விருதராசன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். சீமை சின்னது, ராஜாவின் கோபம் பெரிது. கோபம் வந்தால் கையில் அகப்பட்டதை எடுத்து எறிவான். செம்பு, தாம்பாளம், பாதக்குறடு, ஒருமுறை பாவம் ஒரு பூனையைக்கூட.

நீங்களும் நானும் அப்படிச் செய்தால் எறிந்தான், வீசினான், கடாசினான், விட்டெறிந்தான் என்று ஊர் வாய்க்கு வந்ததைச் சொல்லும். ராஜாவைப் பற்றி அப்படிச் சொல்லக் கூடாது. அதற்கென்றே சபையில் சொக்கவாணர் என்று ஒரு புலவர் இருந்தார். செம்பு பறந்து போய் எவன் மண்டையிலாவது விழுந்ததும் அவர் எழுந்து, "மன்னர் செம்பை வழங்கினார்" என்பார். தாம்பாளம் பறந்தால் "அருளினார்". பாதக்குறடு என்றால் "சூட்டினார்". அடிபட்டவன் அந்தப் பொருளை இரண்டு கையாலும் எடுத்து, கண்ணில் ஒற்றி, ராஜாவிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். ரத்தம் சொட்டினாலும் அந்தச் சபையில் அதுதான் வழக்கம்.

மந்திரி இளஞ்சேந்தன் மகா புத்திசாலி. இருந்தும் இத்தனையையும் பார்த்துக்கொண்டு பல வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தான். எனக்கு அவன்மேலும் வருத்தம் உண்டு. சொக்கவாணருக்கோ அவனைக் கண்டாலே ஆகாது. ராஜா யோசனை கேட்பது அவனிடம்தானே, அந்த வயிற்றெரிச்சல்.

ஒருநாள் வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிப்போய் ராஜாவின் நாக்கு வெந்துவிட்டது. மடித்துக் கொடுத்தவன் விவரமானவன், தூணுக்குப் பின்னால் நழுவிவிட்டான். ராஜா சுண்ணாம்புச் செப்பை ஓங்கி விட்டெறிந்தான். பக்கத்தில் சாமரம் போட்டுக்கொண்டிருந்த காத்தான் முகத்தில் அது பட்டு, மூடி திறந்து, சுண்ணாம்பு அவன் இரண்டு கண்ணிலும் அப்பிக்கொண்டது.

சொக்கவாணர் எழுந்தார். மன்னர் வெண்சாந்து தெளித்து வாழ்த்தினார் என்றார். காத்தான் எரிச்சலில் துடித்தபடியே தரையைத் தடவித் தடவிச் செப்பைத் தேடி எடுத்து, வழக்கப்படி கண்ணில் ஒற்றினான்.

அவனுக்குப் பார்வை போய்விட்டது. குருடனுக்கு அரண்மனையில் என்ன வேலை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாழ்த்து வாங்கினவனுக்கு ஈடு எதற்கு என்று சொக்கவாணர் ஒரு மரக்கால் நெல்கூடக் கொடுக்க விடவில்லை. வீட்டில் அடுப்பு எரியாமல் போகவே, காத்தான் பெண்சாதி பேச்சி நேராகச் சபைக்கு வந்து நின்றாள்.

"ராசா செப்பை எறிஞ்சு எம்புருசன் கண்ணைக் கெடுத்துப்புட்டாரு. எங்க கஞ்சிக்கு ஒரு வழி சொல்லுங்க."

எறிஞ்சு என்ற சொல் அந்த மண்டபத்தில் கேட்டதே அன்றைக்குத்தான். ராஜாவின் முகம் கறுத்தது. பொய் சொன்ன நாக்கை அறுக்க வேண்டும் என்றார் சொக்கவாணர்.

இளஞ்சேந்தன் பேச்சியைப் பார்த்தான். அவள் நடுங்கவுமில்லை, அழவுமில்லை. அவனால் அதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை. அவள் சொன்னது நிஜம் என்றான்.

"அப்படியானால் பொழுது சாய்வதற்குள் அதை மெய்ப்பிக்கட்டும். முடியாவிட்டால் மந்திரியார் நாக்கும் சேர்ந்து போகட்டும்" என்றார் சொக்கவாணர். ராஜாவும் தலையாட்டினான்.

பொழுது சாயும்வரை எதற்கு, இப்போதே ஆகட்டும் என்றான் மந்திரி. அந்தச் செப்பில் புதுச் சுண்ணாம்பு நிரப்பிக் கொண்டுவரச் சொன்னான். பிறகு ராஜாவை வணங்கினான்.

"மகாராஜா, இத்தனை வருஷம் உங்கள் கொடையையெல்லாம் பாடியவர் புலவர். அவருக்கு ஒரு வாழ்த்தும் கிடைக்கவில்லை. காத்தானுக்குத் தெளித்த அதே வெண்சாந்தை, அதே செப்பால், அதே வேகத்தில் இவருக்கும் தெளியுங்கள். கையேந்தி வாங்கிக்கொண்டால் பேச்சி சொன்னது பொய். எங்கள் நாக்கை எடுத்துக்கொள்ளுங்கள்."

சொக்கவாணரைக் காத்தான் நின்ற இடத்தில் நிறுத்தினார்கள். ராஜாவுக்கு இது வேடிக்கையாக இருந்தது. சிரித்துக்கொண்டே செப்பை ஓங்கினான்.

புலவர் ஐயோவென்று அலறி, முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் சுருண்டார்.

"ஏன் புலவரே, கொடுப்பதை வாங்கக் கையை நீட்டுவார்கள். நீர் கண்ணை மூடிக்கொள்கிறீரே" என்றான் மந்திரி.

ராஜா ஓங்கிய கையோடு சபையைச் சுற்றிப் பார்த்தான். தளபதி கேடயத்துக்குப் பின்னால் இருந்தான். புரோகிதர் தலைக்குமேல் மணையைப் பிடித்திருந்தார். கேள்வி கேட்ட இளஞ்சேந்தனின் முழங்கைகூட அவன் முகத்துக்கு முன்னால் நின்றது. பேச்சி ஒருத்திதான் முகத்தை மறைக்காமல் நின்றாள். ராஜாவின் சிரிப்பு அடங்கிவிட்டது. செப்பைக் கீழே வைத்தான். வைத்த ஓசை மண்டபம் முழுக்கக் கேட்டது.

சொக்கவாணரின் பட்டமும் பல்லக்கும் பறிபோயின. இனி காத்தான் எங்கே போனாலும் கைபிடித்து அழைத்துப் போவதுதான் அவர் வேலை என்று தீர்ப்பானது. பேச்சிக்கு ஆற்றோரம் நல்ல வயல் எழுதிக் கொடுத்தார்கள். உமக்கு என்ன வேண்டும் என்று ராஜா கேட்டதற்கு, பேச்சி சபையில் சொன்னதை நீங்களே காத்தானிடம் சொல்ல வேண்டும், அது போதும் என்றான் மந்திரி.

அன்று சாயங்காலமே ராஜா கிரீடமில்லாமல் காத்தான் குடிசைக்கு நடந்து போனான். காத்தான் வாசலில் உட்கார்ந்து வெறும் கையால் தரையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"காத்தா, நான்தான் எறிந்தேன்" என்றான் ராஜா.

அந்தக் குரல் காதில் விழுந்த மாத்திரத்தில் காத்தான் குறுகி, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

என் கையில் ஒன்றுமில்லையப்பா என்று ராஜா பலமுறை சொன்னான். காத்தானின் கைகள் இறங்கவில்லை. ராஜா தன் இரண்டு உள்ளங்கைகளையும் அவன் முன்னால் விரித்துக் காட்டினான். அதைப் பார்க்கத்தான் காத்தானுக்குக் கண் இல்லையே.