இழுத்துப் பார்க்கச் சொன்ன குருவி

ஏரிக்கரைக் கருவேல மரத்தில் ஒரே கூச்சல்! இளம் ஆண் தூக்கணாங்குருவிகள் எல்லாம் முதன்முதலாகத் தனியாகக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. மழைக்காலம் வரப்போகிறது அல்லவா?

அந்த மரத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்குருவி கூடு கட்டும். பெண்குருவி வந்து பார்க்கும். சும்மா பார்க்காது, அலகால் கவ்வி இழுத்துப் பார்க்கும்! கூடு தாங்கினால் குடிவரும். அறுந்தால், "போய் ஒழுங்கா முடிச்சுப் போடக் கத்துக்கிட்டு வா!" என்று சொல்லிவிட்டுப் பறந்துவிடும். படிப்பை முடித்துவிட்டு முதல் இன்டர்வியூவுக்கு நிற்கிற பிள்ளைகள் படுகிற பாடுதான் அந்தக் குருவிகளுக்கும்.

முதல் மழைக்குள் யாரும் குடிவராவிட்டால் கிளையைக் காலி செய்ய வேண்டும். அடுத்த மழைக்காலம் வரை மாமன்கள் கட்டும் கூடுகளுக்கு நார் சுமக்க வேண்டியதுதான்.

முடிச்சன் என்று ஒரு குருவி. பலே கெட்டிக்காரன்! காய்ந்த நாரைத் தொடவே மாட்டான். பச்சை நாராகத் தேடி உரித்து வந்து பின்னினான். மழைக்காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று பார்த்து, வாசலை எதிர்ப்பக்கம் வைத்தான். கூடு காற்றில் ஆடாமல் இருக்க உள்ளே களிமண் ஒட்டினான். எல்லாம் முடிந்ததும் என்ன செய்தான் தெரியுமா? உள்ளே போய் உட்கார்ந்துகொண்டான்! வாயே திறக்கவில்லை.

பக்கத்துக் கிளையில் சிலுப்பன் என்று இன்னொரு குருவி. அவன் கட்டியதைக் கூடு என்று சொன்னால் கூட்டுக்கே கோபம் வரும். நாலு காய்ந்த நார், மேலே ஒரு இலை, அவ்வளவுதான். ஆனால் வாய் இருக்கிறதே, அப்பப்பா!

"வாங்கம்மா, வாங்க! இது கூடு இல்லை, அரண்மனை!" என்று சிறகை அடித்து அடித்துக் கத்தினான்.

வடிவு என்ற பெண்குருவி வந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க இது, சுவரெல்லாம் ஓட்டையா இருக்கு?"

"ஓட்டையா? ஜன்னல்மா! காத்து சும்மா பிச்சுக்கிட்டு வரும்!"

வடிவு ஒரு இழு இழுத்தாள். அரண்மனை ஜன்னலோடு சேர்ந்து ஏரிக்குள் விழுந்தது. மரமே விழுந்து விழுந்து சிரித்தது. சிலுப்பன் அசரவில்லையே! "இன்னைக்குக் கொஞ்சம் காத்து ஜாஸ்தி!" என்றான்.

"இனிமே எவனாவது அரண்மனைன்னு சொல்லட்டும், கொத்திப்புடுறேன்!" என்று பொருமிக்கொண்டே வடிவு கிளம்பினாள். முடிச்சன் கூட்டின் பக்கமாகத்தான் பறந்தாள். ஆனால் நிற்கவில்லை. முடிச்சன் உள்ளேயிருந்தே அவள் போவதை எட்டிப் பார்த்தான். வானத்தில் மேகம் வேறு திரண்டுகொண்டிருந்தது.

மரத்தடித் தண்ணீரில் கொட்டான் என்ற தவளை இருந்தான். முடிச்சனுக்குச் சேக்காளி.

"ஏன்டா மாப்ள, வானம் கருத்துடுச்சு. இன்னுமா ஒருத்தரும் வரலை?" என்று கேட்டான்.

"வேலை சுத்தமா இருந்தா அவங்களே தேடி வருவாங்க. நிறைகுடம் தளும்பாது, தெரியுமில்ல?" என்றான் முடிச்சன்.

"தளும்பலைன்னா குடத்துல தண்ணி இருக்குன்னு எவனுக்குடா தெரியும்? தண்ணி குடிக்க வந்த பொண்ணுங்க என்ன பேசிக்கிட்டாங்கன்னு கேளு. 'அந்தக் கூடு நல்லாத்தான் இருக்கு. ஆனா சத்தமே காணோம். யாரோ குடிவந்துட்டாங்க போல'ன்னு சொல்லிட்டுப் போறாங்க! அடுத்தவங்க வீட்டுக்குள்ள யாருடா தலையை விடுவா?"

முடிச்சனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடக்கமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு, வீட்டைத் தானே பூட்டி வைத்திருக்கிறான்!

அப்போது இடி இடித்தது. வடிவு தன் தோழிகளோடு வேறு மரம் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள். முடிச்சன் பதறிப்போய் வெளியே வந்தான். என்ன சொல்வது என்று தெரியவில்லை. சிலுப்பன் சொன்னதுதான் வாயில் வந்தது.

"அரண்மனை! பெரிய அரண்மனை!"

"ஐயையோ, இன்னொருத்தன் கிளம்பிட்டான்டி!" என்றாள் வடிவு. தோழிகள் கொல்லென்று சிரித்தார்கள்.

முடிச்சனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுபடி உள்ளே போய் ஒளிந்துகொள்ளலாமா என்று நினைத்தான். ஆனால் இவர்கள் போனால் கிளையும் போய்விடுமே!

"நில்லுங்க! அரண்மனை இல்லை, கூடுதான்!" என்று கத்தினான். "பச்சை நார்ல பின்னினது. மழை அடிக்கிற பக்கம் வாசல் கிடையாது. எனக்குப் பாட வராது, கட்ட வரும். என் பேச்சை நம்ப வேண்டாம். வந்து இழுத்துப் பாருங்க!"

வடிவு சட்டென்று திரும்பினாள். இதுவரை அவளுக்குக் கூடு காட்டியவர்கள் எல்லாம் "மெதுவா, மெதுவா" என்றுதான் கெஞ்சினார்கள். இழுக்கச் சொன்னவன் ஒருவனும் இல்லை!

வந்தாள். கவ்வினாள். இழுத்தாள். ஒன்றும் ஆகவில்லை. காலைக் கிளையில் ஊன்றிக்கொண்டு இன்னொரு இழு. ஊஹும்! "ஏய் பொன்னி, நீங்களும் வாங்கடி!" என்று தோழிகளைக் கூப்பிட்டாள். எல்லாரும் சேர்ந்து தொங்கினார்கள். கிளை வளைந்து தண்ணீரைத் தொட்டது. கொட்டான், "அடி ஆத்தி!" என்று ஒரே தாவாகத் தாவி ஒதுங்கினான். கூட்டில் ஒரு நார்கூட நழுவவில்லை.

சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. வடிவு உள்ளே நுழைந்து, தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"உள்ள ஒரு சொட்டு இல்லை! இத்தனை நாளா வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? நான்பாட்டுக்கு இந்த வழியாவே போய் வந்துக்கிட்டு இருந்தேனே!"

முடிச்சனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மழையிலேயே கிளை கிளையாகக் குதித்தான்.

இலைக்கடியில் நனைந்துகொண்டிருந்த சிலுப்பன் மெல்லக் குரல் கொடுத்தான். "டேய், அந்த முடிச்சை எனக்கும் சொல்லிக் குடுடா!"

"தாராளமா! நீ எனக்குக் கூப்பிடச் சொல்லிக் குடு. ஒரு தடவை கத்தினதுக்கே தொண்டை கட்டிக்கிச்சு!" என்றான் முடிச்சன்.

திறமை மட்டும் இருந்தால் போதாது. இருப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் வாய் திறந்து சொல்லவும், சொன்னதைச் சோதித்துப் பார்க்க விடவும் துணிந்தவனுக்கே முதல் வாய்ப்பு கிடைக்கும்.