ஊருக்குப் போனவர்கள்

கயற்கண்ணி அன்றைக்கு ஆசிரியை முன்னால் போய் நின்றபோது கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்தாள். எதிரே யார் இருந்தாலும் பேசியே மடக்கிவிடுகிற பெண். இந்தத் தடவை அவளை மடக்கியது அவளுடைய ஆராய்ச்சியேதான்.

ராத்திரி விழித்து வேலை பார்த்தால் உடம்புக்குள் ஓடும் கடிகாரம் குழம்புமா, அதனால் மார்பகப் புற்றுநோய் கூடுமா என்று பஞ்சாலைப் பெண்களிடம் விசாரித்தாள். வந்த விடை தலைகீழ். பகல் ஷிப்டில் நோய் அதிகம், இரவு ஷிப்டில் குறைவு.

"மில் மேனேஜர் மைசூர்பாகு குடுத்தனுப்பியிருக்கார் மேடம். 'நைட் ஷிப்டால ஒண்ணும் ஆகாதுன்னு நம்ம பாப்பாவே நிரூபிச்சிருச்சு'ன்னு சொல்லிட்டுத் திரியறாராம். திங்கட்கிழமையிலிருந்து எல்லாப் பொண்ணுங்களுக்கும் நைட்டு கட்டாயமாம்!"

பேராசிரியை அருள்மேரி பெட்டியைத் திறந்து பார்த்தார். "நெய் நல்லாத்தான் ஊத்தியிருக்கான்."

"விளையாடாதீங்க மேடம். நான் எங்க தப்புப் பண்ணினேன்? கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்துட்டேன். பிசகே இல்லை."

"கணக்குல பிசகில்லைதான். விடிஞ்சதும் வா, மில் கேட்டுக்குப் போவோம்."

காலையில் சங்கு ஊதியது. இரவு ஷிப்டு முடிந்த பெண்கள் தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்க வெளியே வந்தார்கள்.

"'உனக்கு முன்னாடி உன் மிஷின்ல நின்னது யாரு'ன்னு ஒவ்வொருத்திகிட்டயும் கேளு," என்றார் அருள்மேரி.

"இது எதுக்கு?"

"கேளேன்."

கேட்டாள். முதலில் வந்தவள், "பேச்சியம்மா மதினி. ஊருக்குப் போயிட்டாங்க," என்று நிற்காமலே நடந்தாள். அடுத்தவள் சொன்னாள்: "சீனியம்மா. மார்ல கட்டின்னா. முடியலேன்னு அழுதா, பகலுக்கு மாத்திவிட்டாங்க. அப்புறம் அவளும் ஊருக்குப் போயிட்டா."

கயற்கண்ணிக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் விடுவாளா? "முடியாதவங்களைப் பகலுக்குத் தள்ளினா நோய் பகல்லதானே தெரியும்! சரி, என் தப்புதான். ஆனா வேலையை விட்டுட்டு ஊருக்குப் போனவங்களை எப்படி மேடம் கணக்குல சேர்க்கறது?"

"எந்த ஊருன்னு கேட்டியா?"

மூன்றாவதாக வந்தவள் சுடலி. மில் விடுதியில் தங்கியிருக்கும் சின்னப் பெண். பேச்சியம்மாவும் சீனியம்மாவும் எந்த ஊருக்குப் போனார்கள் என்று கேட்டதும் கயற்கண்ணியை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"என்னக்கா, இத்தனை நாள் எங்ககூடச் சுத்தியும் தெரியலியா? அந்த ஊருக்கு ஏதுக்கா பஸ்ஸு? செத்துட்டான்னு மில்லுக்குள்ள சொல்லப்பிடாது. அவ நின்ன மிஷின்ல அடுத்தவ நிக்கப் பயப்படுவான்னு சூப்பர்வைசர் வைவாரு."

கயற்கண்ணி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ நான் யாரைத்தான் கேட்டேன் மேடம்?"

"நிக்க முடிஞ்சவங்களை."

"இன்னிக்கே மேனேஜர்கிட்டப் போய் என் முடிவு தப்புன்னு சொல்றேன்."

"சொல்லு. சரியான முடிவு எங்கேன்னு கேப்பாரு."

"போனவங்க வீட்டை ஒண்ணொண்ணாத் தேடிப் போறேன். முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறேன்."

"ஆரம்பி. முடிய வருஷக்கணக்காகும். திங்கட்கிழமை அதுவரைக்கும் காத்திருக்குமா?"

கயற்கண்ணி நோட்டை எடுத்துப் பேச்சியம்மா, சீனியம்மா என்று எழுத ஆரம்பித்தாள்.

சுடலி இன்னும் போகாமல் நின்றிருந்தாள். "அக்கா, நைட்டு பாத்தா ஒண்ணும் ஆகாதுன்னு நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாம்ல? நெசந்தானா? எங்கம்மா பயந்துபோய்க் கிடக்கு. போன்ல சொன்னா நிம்மதியாயிரும்."

கயற்கண்ணி ஆசிரியையைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னை ஏன் பாக்குற?" என்றார் அருள்மேரி. "அவ கேட்டது உன்னை."