ஏழைகளின் ஒரே கல்

“அம்மா, செத்துப்போன என் பெண்சாதிக்கு இருந்த ஒரே கல்லையும் உடைச்சுட்டாங்க.”

டோபியாஸ் வாசலில் நின்று அழுதார்.

சிசிலி இடுப்பில் பிள்ளையோடு துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள்தான் குரு. சீடருக்கு அவளைப் போல இரண்டு மடங்கு வயது.

அது இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். பணக்காரர்களைக் கோயிலுக்குள்ளே புதைத்து, மேலே பெயர் வெட்டிய கல் பதிப்பார்கள். ஏழைகளுக்கு வெளியே வெறும் மண்தான். அத்தனை பேருக்கும் சேர்த்து, பூட்டன் காலத்துக் கற்சிலுவை ஒன்று கோயில் முற்றத்தில் நின்றது.

சிலுவை முன்னால் கும்பிடுவதும் சிலை வழிபாடுதான், ஆகாது என்று புது அரசாங்கம் சொல்லிவிட்டது. சிப்பாய்கள் வந்து உடைத்தார்கள். அடியில் இருந்த படிக்கல்லைக்கூட விடவில்லை. பெயர்த்து வண்டியில் ஏற்றிவிட்டு, குழியை மண் போட்டு மூடினார்கள்.

“இனி நான் எதுக்கு முன்னாடி போய் நிற்பேன்?”

“இடம் தெரியும்ல?”

“கண்ணைக் கட்டி விட்டாலும் போவேன்.”

“நாளைக்குக் குருத்து ஞாயிறு. பவனி எங்கே நிற்கும்?”

“சிலுவைகிட்ட. அங்கே முட்டி போட்டுட்டுத்தானே கோயிலுக்குள்ளே போவோம்.”

“அப்போ அங்கேயே நிற்கும்.”

“அங்கே ஒண்ணுமில்லையே அம்மா! முட்டி போட்டா ஜெயில்னு அந்தச் சிப்பாய்த் தலைவன் வேற சொல்லியிருக்கான்.”

“ஜெயில்ல இந்தப் பயலை நீங்கதான் தூக்கணும். எனக்குக் கை வலிக்குது. நேரத்துக்கு வந்து சேருங்க பெரியவரே.”

மறுநாள் ஊரே திரண்டது. கையில் குருத்தோலைக்குப் பதிலாக வில்லோ மரக்கிளைகள். அந்த ஊரில் தென்னைக்கு எங்கே போவது?

சிசிலி முன்னால் நடந்தாள். சிலுவைக் குழியை மூடிய மண் வந்ததும் நின்றாள்.

சிப்பாய்களின் தலைவன் கத்தினான். “இங்கே என்ன இருக்கு? எதைக் கும்பிடப் போறீங்க?”

“ஒண்ணுமில்லைன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எதுக்கு ஐயா தடுக்குறீங்க?”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் முகம் சிவந்தது.

“டேய், அங்கே போய் நில்லுடா! ஒருத்தரையும் விடாதே!”

ஒல்லியான சிப்பாய் ஒருவன் ஓடிப்போய் அந்த மண்மேல் விறைப்பாக நின்றான்.

கூட்டம் ஓரடி முன்னே வந்தது.

அவன் மிரண்டுபோய், இரண்டு கைகளையும் அகல விரித்தான்.

டோபியாஸ் மெல்லத் தொப்பியைக் கழற்றினார்.

“அம்மா...”

“தெரியுது. முட்டி போடுங்க.”