கல்தூண் அறை யாருக்கு

வெள்ளோட்டுப்பாளையத்துப் பண்ணைவீட்டுக்கு ஐந்நூறு வயசு. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று பலகை வைத்ததும், பாதுகாக்க வந்த அதிகாரி வாகீசன் இருப்பதிலேயே குளிர்ச்சியான கல்தூண் அறையைத் தன் அலுவலகமாக்கிக்கொண்டார். பின்னால் தகரக் கொட்டாயில் நின்ற பசு மட்டும் அவர் கண்ணை உறுத்தியது. அது அங்கே கூட்டிப் பெருக்குகிற வேலாத்தாளின் பசு.

"இந்த வீட்டைக் கட்டினப்போ எந்த இடம் எதுக்கு இருந்துச்சோ, இனிமே அதுக்கு மட்டும்தான். நாளைக்கு நம்ம தொல்லியல் துறை டைரக்டர் வர்றார். மாடு கொட்டாயில நின்னா உனக்கு வேலையில்ல."

"எல்லா எடத்துக்கும் இதே சட்டமுங்களா சார்?"

"எல்லாத்துக்கும்தான்."

"எழுதிக் குடுத்துருங்க. நாளைக்கு என்னைய யாரும் பேசக் கூடாது பாருங்க."

முத்திரையே குத்திக் கொடுத்தார்.

மறுநாள் டைரக்டரை அழைத்து வந்தால், வாகீசனின் மேஜையும் சுழல் நாற்காலியும் வேப்பமரத்தடியில் கிடக்கின்றன. கல்தூணில் கட்டிய பசு நிதானமாக அசைபோடுகிறது. வாகீசனுக்கு முகம் சிவந்துவிட்டது.

வேலாத்தாள் துடைப்பத்தைச் சாத்திவிட்டு உத்தரவை நீட்டினாள். "தூணுல முழங்கா ஒசரத்துக்குக் கயிறு அறுத்த தடம் பாருங்க. தரை சாஞ்சு போயி மூலை ஓட்டைல முடியுது. மனுசங்க இருக்கற ரூமுக்கு மூத்திரம் போற வழி எதுக்குங்க?"

டைரக்டர் குனிந்து தடத்தைத் தடவிப் பார்த்தார். "வீட்டுலயே பழைய பகுதி இதுதான். மாட்டுக்குக் கட்டின பிறகுதான் மனுஷனுக்குக் கட்டியிருக்காங்க. மூணு வருஷமா இங்க உட்கார்ந்துதானே வாகீசன், இந்த வீட்டு வரலாற்றை எழுதறீங்க?"

வாகீசன் மரத்தடி மேஜையைப் பார்த்தார். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

"மழை வருதுங்க சார்," என்றாள் வேலாத்தாள். "தகரக் கொட்டாய் காலியாத்தானுங்க கெடக்குது. உங்களுக்குன்னு காத்தாலயே கூட்டி வெச்சுட்டேன்."