தொடாமல் விட்டது

தேவசகாயம் தன்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவளான ஹசீனாவை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார். வங்கி வேலை போய் இந்தத் தொழிலுக்கு வந்தபோது அவருக்குத் தலை பாதி நரைத்திருந்தது. கற்றுக்கொடுத்தவள் அவள்தான். ஆபீசில் கேலி செய்தார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை. அவளுக்கு அவர் ‘அண்ணன்’.

அடையாறில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் இருந்தது ஆபீஸ். பிரவுசர்களுக்கான விதிகளை எழுதுவது அங்கே வேலை. ஒரு பாட்டை எப்போது ஒலிக்க விடலாம், ஒரு இணையதளம் போனுக்குள் எதைச் சேமித்து வைக்கலாம், இடம் தீர்ந்தால் எதை அழிக்கலாம் என்பதெல்லாம் யார் செய்த பிரவுசரிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் அல்லவா? அதற்கான விதிகள். விரல் படாமல் எந்த ஒலியும் தானாக ஒலிக்கக் கூடாது என்ற விதி ஹசீனா எழுதியது. அழிக்கும் விதி தேவசகாயத்தினுடையது. இடம் தீர்ந்தால், அதிக நாள் தொடப்படாத தளத்தின் சேமிப்பை முதலில் அழிக்கலாம், கேட்க வேண்டியதில்லை. சுருக்கமாக இருக்கிறது என்று எல்லோரும் பாராட்டினார்கள். பிரவுசர்கள் அதன்படி நடக்கவும் தொடங்கிவிட்டன. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இறுதி ஒப்புதல் கிடைத்துவிடும்.

செவ்வாய்க்கிழமை மதியம் அவர் ஹசீனாவின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

“அந்த விதியை நான் வாபஸ் வாங்கிக்கிறேன், டீச்சர்.”

“எதை?”

“அழிக்கிறதை.”

அவள் சாப்பாட்டு டப்பாவை மூடினாள். “உக்காருங்கண்ணே. என்ன ஆச்சு?”

சொன்னார். அவர் மனைவி ஜெயசீலி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, குரலைப் பதிந்து வைக்க ஏதாவது வழி உண்டா என்று கேட்டாள். பதிந்தது வெளியே எங்கும் போகாது, போனிலேயே இருக்கும் என்று ஒரு தளத்தை இவரே காட்டினார். இவரை வராந்தாவுக்கு அனுப்பிவிட்டு, இவருடைய போனில் பேசினாள். ‘நான் போனப்புறம் கேளுங்க’ என்றாள். போன வருஷம் தவக்காலத்தில் இறந்துபோனாள்.

“கேட்டீங்களா?”

“இல்ல.”

“ஒரு வருஷமாவா?”

“கேட்டுட்டா அவ்வளவுதானே டீச்சர். அப்புறம் எங்கிட்ட சொல்றதுக்கு அவகிட்ட ஒண்ணும் இருக்காது.”

கீழே பல் துளைக்கும் சத்தம் கேட்டு நின்றது.

“நேத்து அவ பிறந்த நாள். சரி, கேட்டுருவோம்னு திறந்தேன். காலி. போன்ல இடம் தீர்ந்திருக்கு. ரொம்ப நாளா தொடாததாப் பாத்து அழிச்சிருக்கு. பிரவுசர் ஒரு தப்பும் பண்ணல. நான் எழுதினதை அப்படியே செஞ்சிருக்கு. நானா டீச்சர் அழிச்சேன்?”

ஹசீனா டப்பாவை ஓரமாகத் தள்ளினாள். “விதியை எப்படி மாத்தலாங்கிறீங்க?”

“கேட்டுட்டு அழிக்கட்டும்.”

“கேட்டா யாரும் படிக்க மாட்டாங்க, ‘சரி’ய அமுக்கிட்டுப் போயிருவாங்கன்னு கூட்டத்துல சண்டை போட்டது நீங்கதானே?”

“ஆமா. இன்னைக்குக் காலையில நானே எதுக்கோ ‘சரி’ அமுக்கினேன். எதுக்குன்னு தெரியாது.”

“அப்ப?”

“மறந்துபோனதை அழிக்கட்டும். மறக்காம, தொடாம வச்சிருக்கிறதை விட்டுரட்டும்.”

“நல்லது. டெஸ்ட் எழுதிட்டு வாங்க.”

டெஸ்ட் இல்லாமல் ஒரு வாக்கியமும் விதிக்குள் போக முடியாது. அது ஒரு சின்ன நிரல். எல்லாப் பிரவுசர்களும் அதை நாள்தோறும் ஓட்டிப் பார்க்கும். விதிப்படி நடந்தால் பச்சை, நடக்காவிட்டால் சிவப்பு. சிவப்பைப் பார்ப்பவர்கள் எழுதியவரைக் கூப்பிட்டுக் காரணம் கேட்பார்கள்.

தேவசகாயம் உட்கார்ந்து எழுதினார். இரண்டு தளங்கள். இரண்டிலும் ஒரு குரல். இரண்டும் ஒரே நாளில் கடைசியாகத் திறக்கப்பட்டவை. ஒன்றை உடையவன் மறந்துவிட்டான். மற்றதை உடையவன் தொடப் பயந்துகொண்டு இருக்கிறான். இடம் தீரும்போது முதலாவது போக வேண்டும், இரண்டாவது இருக்க வேண்டும்.

பயந்துகொண்டு இருப்பதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அந்த ஒரு வருஷத்தில் தான் என்ன செய்தோம் என்று யோசித்தார். பஸ்ஸில் போனை எடுப்பார். கட்டை விரலை அந்தத் தளத்தின் சின்னத்துக்கு அருகே கொண்டுபோவார். பிறகு பைக்குள் போட்டுக்கொள்வார். விரல் கண்ணாடியில் படவில்லை. போனைப் பொறுத்தவரை அது நடக்கவே இல்லை.

ஓட்டினார். சிவப்பு. ஒருமுறை மட்டும் பச்சை வந்தது. முன்னால் இருந்ததைத் தற்செயலாக அழித்திருக்குமோ என்று, இரண்டு தளங்களையும் இடம் மாற்றி வைத்து மறுபடி ஓட்டினார். சிவப்பு.

வியாழக்கிழமை மடிக்கணினியை ஹசீனாவின் மேசையில் கொண்டுபோய் வைத்தார்.

“முடியல டீச்சர். ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு.”

அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். தலையசைத்தாள்.

“அப்ப விதி?”

“இருக்கட்டும்ணே. அதைவிட நல்லதா நமக்கு எழுதத் தெரியல.”

“என்மேல தப்பு இல்ல.”

“இல்ல.”

அவர் தன் கட்டை விரலைப் பார்த்தார். “யார் மேலயாவது இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்” என்றார்.

பிறகு டெஸ்டை அழிக்கக் கை நீட்டினார். ஹசீனா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அதை மற்ற டெஸ்டுகளோடு சேர்த்தாள். எழுதியவர் என்ற இடத்தில் அவர் பெயரை இட்டாள்.

“என்ன பண்றீங்க? இதுல ஒரு பிரவுசரும் தேறாது. தினமும் சிவப்புதான் வரும்.”

“வரட்டும்.”

“இது எதுக்கு இங்க இருக்குன்னு ஆளாளுக்கு எனக்குப் போன் போட்டுக் கேப்பாங்க, டீச்சர்.”

“கேப்பாங்க” என்றாள் ஹசீனா. “அண்ணியைப் பத்திச் சொல்லுங்க.”