கொத்துப்பூமலை ஏறிய நடைச் சங்கத்தார்

மேலச்சிவந்திபுரத்து அதிகாலை நடைச் சங்கத்தாரைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்லிவிட முடியாது. சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். "காலையில வெறும் வயித்தோட நடங்க" என்று டாக்டர் சொன்ன மறுநாளே, சட்டையை மார்புக்கு மேல் சுருட்டிக் கட்டிக்கொண்டு, வயிறு தெரிய மெயின் ரோட்டில் நடந்தார்கள். செயலாளர் ஆவுடையம்மாள் மட்டும், டாக்டர் ஆம்பளைகளைத்தான் சொல்லியிருப்பார் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்து தப்பித்துக்கொண்டார்.

சங்கத்தில் நாலே பேர். தலைவர் கோமதிநாயகம் சர்க்கார் ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர்; இரண்டு பேர் சேர்ந்து நின்றால் கூட்டத்தைத் தொடங்கிவிடுவார். ஆவுடையம்மாள் தையல் பள்ளி நடத்துகிறவர். எதையும் தீர்மானமாக நோட்டில் எழுதிவிடுவார். மாவு மில் சிவனணைந்தான் ஆறடி ஆள், அவருடைய பாதம் தனியாக ஓர் அடி. சைக்கிள் கடை நம்பிராசன் ஒல்லி. பலமாகக் காற்றடித்தால் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொள்வார்.

மே மாதம் நாலு நாள் கோடை மழை கொட்டியதில், கொத்துப்பூமலை முழுக்கப் பூத்துக் கிடக்கிறது என்று ஊருக்குள் செய்தி வந்தது. சங்கம் கூடி, ஞாயிற்றுக்கிழமை உச்சி வரை ஏறுவது என்று முடிவு செய்தது. பேனர் அடிக்கிற கடையில் கல்யாண சீசன் நெருக்கடி. இன்றைக்கே அடித்து வாங்கிக்கொண்டால்தான் உண்டு என்றான் கடைக்காரன். அதனால் வெள்ளிக்கிழமையே, 'கொத்துப்பூமலை உச்சியை வென்று திரும்பிய தங்கங்களே, வருக!' என்று பஸ் ஸ்டாண்டில் பதினைந்தடி பேனர் ஏறிவிட்டது. நாலு பேரும் அதில் கைகூப்பிக்கொண்டிருந்தார்கள். இனி உச்சியைத் தொடாமல் வந்தால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

அடிவாரத்தில் வழிகாட்டியாக வந்தவள் குருவம்மா. மலையிலேயே பிறந்து வளர்ந்தவள், முப்பத்தைந்து வயதிருக்கும்.

"ஐயா, ஒண்ணே ஒண்ணுதான். நான் என்ன சொல்றேனோ அதை அப்படியே கேக்கணும்" என்றாள்.

கோமதிநாயகத்துக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது. "அதுல எங்களை அடிச்சுக்கிட ஆள் கிடையாதும்மா" என்றார். அவள் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள். பாவம்.

"மழை பேஞ்சிருக்கு. அட்டை இருக்கும், பாத்துக்கிடுங்க. அட்டை மேல உப்பைத் தடவிட்டா ஒண்ணும் செய்யாது" என்று ஆளுக்கு ஒரு பொட்டலம் உப்பு கொடுத்துவிட்டு அவள் முன்னே நடந்தாள்.

நாலு பேரும் பையிலிருந்து சங்கத்தின் உறுப்பினர் அட்டையை எடுத்தார்கள்.

"ரெண்டு பக்கமும் தடவணுமா தலைவரே?" என்று கேட்டார் நம்பிராசன்.

"போட்டோ இருக்கிற பக்கம் வேண்டாம் வே. கண்ணு எரியும்."

பக்குவமாகத் தடவி, உப்பு உதிராமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள். கொஞ்ச தூரத்தில் கறுப்பாகச் சில புழுக்கள் காலில் ஏறின. புழுவைப் பற்றி எந்த உத்தரவும் இல்லாததால் அவற்றை ஒன்றும் செய்யவில்லை. குருவம்மா திரும்பிப் பார்த்தபோது சிவனணைந்தானின் கெண்டைக்காலில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

"ஐயா! எத்தனை அட்டை பாருங்க!"

"நாலு. ஆளுக்கு ஒண்ணு. எல்லாத்துலயும் உப்புத் தடவியாச்சு" என்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார் சிவனணைந்தான். குருவம்மா குனிந்து, ஒவ்வொருவர் காலிலும் தானே உப்பை வைத்தாள்.

அதற்கு மேல் பாதை ஒற்றையடியாகச் சுருங்கியது. "வழுக்கும். முன்னால போறவர் கால் வச்ச இடத்துலயே கால் வச்சு வாங்க" என்றாள்.

அவளுக்குப் பின்னால் தலைவர். அவருக்குப் பின்னால் ஆவுடையம்மாள், நம்பிராசன், கடைசியில் சிவனணைந்தான். பேனரில் தன் படம் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே நடந்த தலைவர், குருவம்மா தாண்டிப் போன யானை லத்தியில் கணுக்கால் வரைக்கும் காலை விட்டார். ஆவுடையம்மாள் ஒரு நிமிடம் நின்று, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அதே குழியில் தன் காலை விட்டார். நம்பிராசனும் விட்டார்.

"தலைவரே, என் கால் இதுக்குள்ள அடங்கலை" என்றார் சிவனணைந்தான்.

"சாய்ச்சு வையும். நெறின்னு ஒண்ணு இருக்குல்லா?"

அவர் ஒவ்வொரு விரலாக உள்ளே இறக்கி ஒரு வழியாக நெறியைக் காப்பாற்றினார். அடுத்த திருப்பத்தில் தலைவர் கல்லில் கட்டைவிரலை இடித்துக்கொண்டு, "ஐயோ" என்று மூன்று முறை நொண்டியடித்தார். பின்னால் வந்த மூவரும் அதே கல்லில் இடித்து, அதே இடத்தில் மூன்று முறை நொண்டியடித்து, தலைக்கு ஒரு "ஐயோ"வும் சொல்லிவிட்டு மேலே ஏறினார்கள்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்குகிறது. அங்கே குருவம்மா நின்று காற்றை முகர்ந்தாள்.

"யானை வாசம் அடிக்குது. நான் முன்னால போய்ப் பாத்துட்டு வாறேன். நீங்க மெதுவா வாங்க. பூவை மிதிச்சிராதீங்க. மேகம் இறங்கிட்டா நின்ன இடத்துலயே நிக்கணும். ஒரு அடி நகரக் கூடாது. பக்கத்துல பள்ளம்."

அவள் போன பிறகு நாலு பேரும் பாதையைப் பார்த்தார்கள். பாதையே இல்லை. ஊதாக் காசித்தும்பையும் வெள்ளைத் தும்பையும் பெயர் தெரியாத ஒரு நீலப் பூவும் மண் தெரியாமல் மூடிக் கிடந்தன. தலைவர் அங்கேயே அவசரக் கூட்டத்தைக் கூட்டினார்.

"போனா பூவை மிதிக்கணும். போகலைன்னா பேனர் பொய்யாயிரும். சபையோட கருத்து என்ன?"

நம்பிராசன் யோசித்துச் சொன்னார்: "ஒருத்தரை இன்னொருத்தர் தூக்கிக்கிட்டுப் போனா, தூக்கப்பட்டவர் மிதிச்சவராக மாட்டாரு."

"நியாயம். யாரு யாரைத் தூக்க?"

மூன்று பேரும் சிவனணைந்தானைப் பார்த்தார்கள்.

"அப்போ நான் மட்டும் குத்தவாளியா?" என்றார் அவர்.

"மனசறிஞ்சு மிதிச்சாத்தான்வே குத்தம். கண்ணை மூடிக்கிட்டு நடந்தா உமக்கும் ஒண்ணும் தெரியாது. குத்தமே நடக்கலைன்னு ஆயிரும்."

அரசாங்க ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவருடைய வாக்கு. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. தலைவர் சிவனணைந்தானின் முதுகில் ஏறினார். தலைவரின் முதுகில் நம்பிராசன் ஏறினார். ஆவுடையம்மாள் மட்டும் மறுத்துவிட்டார்.

"பொம்பளை பாதம் பூப்போலன்னு சொல்லுவாவ. பூ மேல பூ பட்டா அது மிதிக்கிறதுல சேராது. நான் நடக்கேன்" என்று அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

சிவனணைந்தான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நடந்தார். தலைவர் மேலேயிருந்து "இடது, வலது" என்று வழி சொன்னார். தலைவருக்கும் பாதையில் கண்ணில்லை. உச்சி தெரிகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நூறு அடி போயிருக்க மாட்டார்கள். பொதபொதவென்று மேகம் இறங்கியது. ஆவுடையம்மாளுக்குத் தன் நோட்டே தெரியவில்லை.

"நில்லும்!" என்று கத்தினார் தலைவர். "நின்ன இடத்துலயே!"

எல்லோரும் நின்றார்கள். அந்த நேரத்தில் சிவனணைந்தானின் இடது கால் அந்தரத்தில் இருந்தது.

சிவனணைந்தான் மெதுவாகச் சொன்னார்: "தலைவரே, என் இடது கால் தரையில இல்லை. இறக்கட்டுமா?"

"இறக்குனா அது நகர்ந்ததா ஆகாதா?"

"தூக்குன காலை இறக்குறதும் நிக்கிறதுல ஒரு பகுதிதானே தலைவரே" என்று மேகத்துக்குள்ளிருந்து ஆவுடையம்மாளின் குரல் வந்தது.

"அப்படிப் பாத்தா நடக்கிறது முழுக்கவே தூக்குன காலை இறக்குறதுதானம்மா. நாளைக்கு ஒருத்தன் இதையே முன்னுதாரணமா வச்சுக்கிட்டு ஓடுவான்."

அந்த நேரம் பார்த்து எங்கோ ஒரு கல் உருண்டது. அது விழுந்த சத்தம் வர வெகுநேரம் ஆனது. உச்சாணியில் உட்கார்ந்திருந்த நம்பிராசனுக்கு ஊரில் பஞ்சர் ஒட்டாமல் விட்டு வந்த மூன்று சைக்கிள்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன. "எனக்கு இறங்கணும்" என்றார். அழுகிற குரல்.

"இறங்குனா பூவை மிதிப்பீரு" என்றார் தலைவர். அவர் குரலும் சரியாக இல்லை.

சிவனணைந்தானின் வலது தொடை நடுங்கத் தொடங்கியது. மாவு மூட்டை தூக்கிப் பழகிய உடம்பு. ஆனால் மூட்டைகள் வாதாடுவதில்லை.

தூரத்திலிருந்து குருவம்மாவின் குரல் கேட்டது. "ஐயா! எங்க நிக்கீங்க?"

"நின்ன இடத்துலயே!" என்று நாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"எந்த இடத்துல?"

"நின்ன இடத்துல!"

"அது எங்க இருக்கு?"

"நாங்க நிக்கிற இடத்துல!"

அவள் சத்தம் வந்த திசையில் தவழ்ந்து வந்தாள். முதலில் கைக்கு ஆவுடையம்மாளின் சேலை அகப்பட்டது. பிறகு ஒரு பெரிய பாதம், யானை லத்தி வாசத்தோடு. அந்தப் பாதத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பாதம் இருக்க வேண்டும் என்று தடவினாள், இல்லை. தரையும் இல்லை. அவள் எழுந்து சிவனணைந்தானின் பெல்ட்டை இரண்டு கையாலும் பற்றி, பலம் கொண்ட மட்டும் பின்னால் இழுத்தாள். மூன்று ஆண்களும் அவள் மேலேயே சரிந்து பூவுக்குள் விழுந்தார்கள்.

பத்து நிமிடத்தில் மேகம் விலகியது. அவர்கள் விழுந்த இடத்திலிருந்து இரண்டு முழத்தில் மலை முடிந்திருந்தது. கீழே ஒரு பனை உயரத்துக்கு வெறும் காற்று.

குருவம்மா உட்கார்ந்துவிட்டாள். "ஒத்தைக் கொம்பன் யானை எதிர்ல வந்தப்பக்கூட நான் இப்படி நடுங்கலை" என்றாள். சிவனணைந்தான் அப்போதுதான் கண்ணைத் திறந்தார். பள்ளத்தைப் பார்த்தார். "நல்லவேளை, கண்ணை மூடியிருந்தேன்" என்றார்.

பிறகுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சரிவு முழுக்க, கண்ணுக்கு எட்டிய மட்டும் பூ. நனைந்த பூ மேல் வெயில் விழுந்து மலையே மூச்சு விடுவது போல இருந்தது. நாலு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கோமதிநாயகத்தின் பொதுவாழ்வில் தீர்மானம் எதுவும் நிறைவேறாமல் கழிந்த அரைமணி நேரம் அது ஒன்றுதான்.

உச்சி அங்கிருந்து இருபது அடி. குருவம்மா ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தொட வைத்தாள். பேனர் பிழைத்தது.

இறங்கும்போது வேறு வழி. அதன் முடிவில், காட்டைவிட்டு வெளியேறுகிற இடத்தில் ஒரு கேட். கேட்டில் ஒரு போர்டு: 'ஞாபகங்களைத் தவிர இங்கிருந்து வேறெதையும் எடுத்துச் செல்லாதீர்கள்.'

அந்தப் பக்கம் அவர்களை ஊருக்கு ஏற்றிப்போகிற வேன் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் நாலு பேரும் போர்டை இரண்டு தடவை படித்தார்கள். பிறகு பைகளை இறக்கி வைத்தார்கள். தண்ணீர் பாட்டில், குடை, செருப்பு, கைக்கடிகாரம், தலைவரின் மூக்குக்கண்ணாடி எல்லாம் வரிசையாகப் புல்லில் உட்கார்ந்தன. ஆவுடையம்மாள் தீர்மான நோட்டை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உடம்பு?" என்று கேட்டார் நம்பிராசன்.

"உடம்பை நாம எடுத்துட்டுப் போகலை வே. அதுதான் நம்மளை எடுத்துட்டுப் போகுது" என்றார் தலைவர்.

"வேட்டி?"

"வேட்டில கை வச்சீங்க, நான் யானையைக் கூப்பிடுவேன்" என்றாள் குருவம்மா.

அத்தோடு அது முடிந்தது. தலைவர் கேட்டருகே நின்று, ஒவ்வொருவரும் என்ன ஞாபகம் கொண்டுபோகிறார்கள் என்று விசாரித்து வெளியே அனுப்பினார். தான் உச்சியில் நின்ற ஞாபகத்தை அவர் எடுத்துக்கொண்டார். ஆவுடையம்மாள் மேகத்தின் ஈர வாசத்தை எடுத்துக்கொண்டார்.

"பாறை இடுக்குல ஒத்தையா ஒரு மஞ்சப் பூ" என்றார் சிவனணைந்தான்.

"போகலாம். நம்பிராசன்?"

"பாறை இடுக்குல ஒத்தையா ஒரு மஞ்சப் பூ" என்றார் நம்பிராசன்.

தலைவர் கையைக் குறுக்கே நீட்டினார். "இருந்தது ஒரு பூ. ஞாபகம் எப்படிவே ரெண்டு? ஒண்ணுதான் வெளிய போக முடியும். உம்மதை இங்கயே விட்டுட்டு வாரும்."

சொன்ன சொல்லைத் தட்டாத நம்பிராசன், கேட்டுக்கு உள்ளே ஓரமாகப் போய் நின்று, கண்ணை மூடி மறக்கத் தொடங்கினார். வேன்காரர் ஹாரன் அடித்தார். ஐந்து நிமிடம் ஆயிற்று.

"மறந்தாச்சா?" என்று கேட்டார் தலைவர்.

"எதை?" என்றார் நம்பிராசன்.

"அதான்வே, பாறை இடுக்குல இருந்த மஞ்சப் பூவை."

நம்பிராசன் தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஐயையோ தலைவரே, இப்பத்தானே மறந்திருந்தேன்!"