கிளீட்டஸ் அண்ணன் நிறுத்திவைத்த மாஸ்டர்

இந்தக் கதையில் எனக்குச் சொந்தமானது மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும்தான். மீதி எல்லாம் கிளீட்டஸ் அண்ணனுக்கு உள்ளது. நம்ப முடியலன்னா சண்டைக்கு அவர்கிட்ட போங்க, என்கிட்ட வராதீங்க.

எங்க ஊர் சவுக்குத்துறை. கடற்கரையில் மாதா கோயில், கோயிலுக்கு முன்னால் மைதானம், மைதானத்து ஓரத்தில் என் கிழங்குக்கடை. ஊரில் ஆம்பளைக்கு ரெண்டே வேலை. கடலுக்குப் போறது ஒண்ணு, கரைக்கு வந்ததும் கால்பந்தைப் பற்றிப் பேசுறது இன்னொண்ணு. ஆடுறவன் ஏழு பேர். எப்படி ஆடணும்னு சொல்லித் தாறவன் எழுநூறு பேர்.

உண்மையில் சொல்லிக்கொடுக்கிறவர் பெல்லார்மின் மாஸ்டர். மெலிஞ்ச மனுஷன், பேச்சு குறைவு. அவர் வந்த பிறகுதான் எங்க பயலுவ பந்துக்குப் பின்னால் கூட்டமா ஓடுறதை விட்டுட்டு, பந்து எங்கே வரும்னு பார்த்து ஓடப் பழகினானுவ. போன வருஷக் கோயில் பெருநாள் கோப்பையில் ஃபைனல் வரைக்கும் போனோம். எதிர்த்தது பக்கத்து ஊர் நெடும்பாறை. கடைசி நேரத்தில் எங்க ஜெனிஸ் ஒரு அடி அடிச்சான். கோல்னு ஊரே குதிச்சது. பந்து கம்பத்துக்கு வெளியேதான் போச்சுன்னு ரெஃபரி கையை விரிச்சுட்டார். கோப்பை நெடும்பாறைக்குப் போச்சு. எங்களுக்கு மிச்சம் பேச்சுதான்.

இந்த வருஷப் பெருநாள் நெருங்கினதும் ஒரு புதுப் பேச்சு கிளம்பிச்சு. மாஸ்டரைக் கூப்பிட ஆள் மேல் ஆள் வருதாம். எங்கிருந்துன்னு கேட்டா காலையில் ஒரு ஊர், மத்தியானம் ஒரு தேசம், ராத்திரி ஒரு கண்டம். எல்லாச் சேதியும் கிளீட்டஸ் அண்ணன் வாயிலிருந்துதான் புறப்பட்டது.

அன்னைக்கு ஞாயிற்றுக்கிழமை. வெயில் சாயுற நேரம். கடையில் யாரும் இல்லாதப்போ மாஸ்டர் தோளில் ஒரு பையோடு வந்தார்.

"அக்கா, ஒரு தட்டு கிழங்கு தாங்க. நான் உள்ள அடுப்புப் பக்கம் இருந்துகிடுதேன். இருக்கேன்னு யாருகிட்டயும் சொல்லண்டாம். நெடும்பாறையில இருந்து வண்டி வருது."

என் கரண்டி சட்டியிலேயே நின்னுபோச்சு. "நெடும்பாறைக்கா போறிய மாஸ்டர்?"

"கமிட்டிகிட்ட ஒரே ஒரு காரியம் கேட்டேன். ஒரு வருஷமாச்சு, நடக்கல."

என்ன காரியம்னு நான் கேட்கிறதுக்குள்ள வெளியே செருப்புச் சத்தம். மாஸ்டர் தட்டோடு சாக்குப் படுதாவுக்கு அந்தப் பக்கம் போயிட்டார்.

வந்தவங்க நாலு பேர். கமிட்டித் தலைவர் தார்சியூஸ். எதையும் நம்பாத வள்ளக்காரர் மிக்கேலடிமை. ஐஸ் பிளான்ட்டில் கட்டி சுமக்கிற ஜெனிஸ். நடுவில், மீசையை ரெண்டு கையாலும் நீவிக்கிட்டு, கிளீட்டஸ் அண்ணன். அண்ணன் கிழிஞ்ச வலை தைக்கிறவர். ஊசியில் ஒரு கண்ணி போடுறதுக்குள்ள வாயால் நூறு கண்ணி போட்டுருவார்.

"மாஸ்டர் நிப்பாரா போவாரா, முதல்ல அதைச் சொல்லுங்க அண்ணே" என்றார் தார்சியூஸ். "அவரைப் பேசி நிறுத்துற பொறுப்பை உங்க கையிலதானே தந்தோம். அது தெரிஞ்சாத்தான் புதுசா யாரை எடுக்கணும்னு பாக்க முடியும்."

"அதுக்கு என்ன யோசனை? முதல்ல ஒரு ஃபார்வேர்டை எடுங்க" என்றார் மிக்கேலடிமை. "போஸ்ட்டுக்கும் கடலுக்கும் வித்தியாசம் தெரிஞ்சவனா பாத்து எடுங்க."

ஜெனிஸ் தலையைக் குனிஞ்சு கிழங்கைப் பிசைஞ்சான். பாவம். பள்ளிக்கூடத்தில் அவன் பிள்ளைகளையே 'வெளியே அடிச்சவன் மக்கள்'னுதான் கூப்பிடுறாங்க. மாஸ்டர் போயிட்டா அணியில் அவனை வச்சுக்க ஆள் கிடையாது.

"ஓய் மிக்கேலு, வாயை மூடும்" என்றார் கிளீட்டஸ் அண்ணன். "அந்தப் பந்து எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும். ரெஃபரிக்குத் தெரியாது, ஏன்னா அவன் கண்ணு பந்துக்குப் பின்னால ஓடி முடியல. ஜெனிஸ் அடிச்ச பந்து கோல் வழியா உள்ள போச்சு, கோயில் கொடிமரத்தைச் சுத்திச்சு, கடலுக்குப் போச்சு. மறுநாள் நான் கடலுக்குப் போறேன், தண்ணி கொதிச்சுக்கிட்டுக் கிடக்கு. எட்டிப் பாத்தா பந்து அங்க சுத்திக்கிட்டே நிக்கு! சுத்தி உள்ள சாளை மீனெல்லாம் அவிஞ்சு மிதக்கு. உப்புப் போடண்டாம், அது கடல்லயே இருக்கு. மொளகு மட்டும் கொண்டுபோனேன்."

"மொளகு ஏன்வே கொண்டுபோனீரு? முன்னாலயே தெரியுமா?"

"தெரியாம பின்ன? அடிச்ச சத்தத்தைக் கேட்டாலே மீன் எந்தப் பதத்துல வேகும்னு சொல்லிருவேன்."

தார்சியூஸ் தட்டைத் தள்ளி வச்சார். "அண்ணே, மீனை விடுங்க. மாஸ்டர்கிட்ட பேசினியளா?"

"பேசுறதா? என்னைக் கேக்காம அவர் விசிலே ஊதமாட்டார். முதல்ல வந்தது கொல்கத்தாக்காரன். மாஸ்டரைக் கூட்டிட்டுப் போக ஒரு ரயிலையே அனுப்பினான். நம்ம ஊர்ல தண்டவாளம் இல்லியா, அதையும் ரயிலுக்குள்ளயே சுருட்டிக் கொண்டுவந்தானுவ. முன்னால விரிக்கானுவ, ரயில் வருது. பின்னால சுருட்டுதானுவ. எனக்க வீட்டு வாசல்ல வந்து கூவுது. நான் பல்லு தேச்சுக்கிட்டே வெளிய வந்து, 'மாஸ்டர் வரமாட்டார், ரயிலைத் திருப்பு'ன்னேன். திருப்ப இடமில்ல. எஞ்சினை நான்தான் தூக்கிப் பின்பக்கம் மாட்டிவிட்டேன்."

"ரயில் வந்ததை ஊர்ல ஒருத்தனும் பாக்கலியேவே?"

"நீங்க எல்லாரும் பூசைல இருந்திய. நான் என்னைக்கு பூசைக்கு வந்திருக்கேன்?"

இது உண்மைதான்.

"அடுத்தது அரபு ஷேக். ஹெலிகாப்டர்ல வந்து மைதானத்துல இறங்குனான். அந்தக் காத்துல எனக்க மீசை இப்படி மேல தூக்கி நின்னது. அதுக்குப் பிறகு இறங்கவே இல்ல, பாத்துக்க. நேரா இந்தக் கடைக்குத்தான் கூட்டிட்டு வந்தேன். ரெஜினா கிழங்கைத் தின்னுட்டு ஷேக் அழுதுட்டான்."

"என் கடைக்கா?" என்றேன். "நான் பாக்கலியே அண்ணே."

"நீ அன்னைக்கு வேளாங்கண்ணி போயிருந்த."

"அப்ப கிழங்கு யாரு அவிச்சா?"

அண்ணன் மீசையை ஒரு தரம் நீவினார். "ஷேக்குதான் அவிச்சான். அதனாலதான் அழுதான், புகை. கேளு. 'மாஸ்டரைத் தா, ஒரு எண்ணெய்க் கிணறு தாறேன்'னான். 'கிணறு எங்க ஊர்லயும் உண்டு. அதுல தண்ணி வரும், குடிக்கலாம். உனக்கதை யாரு குடிப்பா?'ன்னேன். அப்படியே பின்னால நடந்துபோய் ஹெலிகாப்டர்ல ஏறிட்டான்."

படுதாவுக்குப் பின்னால் யாரோ புரையேறி இருமினாங்க. நான் வேணும்னே சட்டியைத் தட்டினேன்.

"இதெல்லாம் சில்லறை" என்று அண்ணன் காலைத் தூக்கிப் பெஞ்சில் வச்சார். "பிரேசில்காரன் கூப்பிட்டான், அதைச் சொல்லல பாரு. அங்க உள்ள சங்கத் தலைவன் ஃபோன்ல. அவன் பேசுறது போர்ச்சுகீசு. மாஸ்டர் முழிக்கார். என்கிட்ட தந்தார்."

"உமக்குப் போர்ச்சுகீசு தெரியுமா?"

"எடே, நம்ம முப்பாட்டன்மாருக்கு அவன்தானே பேரு வச்சுட்டுப் போனான்? ஊர்ல உள்ள பேரையெல்லாம் வரிசையா சொன்னேன். 'மிராண்டா கோமஸ் பெர்னாண்டோ'ன்னேன். அந்தப் பக்கம் சிரிக்கான். கொஞ்சம் கோவமா 'ரொட்ரிகோ! மச்சாது! பீரிஸ்!'ன்னேன். மன்னிப்புக் கேட்டு வச்சுட்டான். இப்ப பிரேசில்ல தினமும் காலைல பயிற்சிக்கு முன்ன சவுக்குத்துறை இருக்கிற திசையைப் பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் பந்தைத் தொடுதானுவ."

"சரி, மாஸ்டர் நிக்கார். அப்ப யாரை எடுக்க?" தார்சியூஸுக்குப் பாதி நம்பிக்கை வந்துட்டுது. கமிட்டிக்காரங்களுக்கு வேலை தானா முடிஞ்சதுன்னு கேட்டா எதையும் நம்புவாங்க.

"ஆளு நான் பாத்து வச்சாச்சு. மாஸ்டர் சொல்லித்தான் பாத்தேன். 'அண்ணே, தலையால அடிக்க ஒருத்தன் வேணும்'னார். ஆழ்கடல்ல ஏழு நாள் தேடினேன். கடைசில கிடைச்சுது ஒரு ஓங்கல்."

ஓங்கல்னா டால்பின். எங்க கடலில் நிறைய உண்டு.

"வள்ளத்துல இருந்து பந்தை எறியுதேன், தலையால அடிச்சுத் திருப்பித் தருது. இடப்பக்கம் எறிஞ்சா வலப்பக்கம் தருது. எனக்க மீசைக்கு நடுவுல குறிபாத்து அடிக்குது. பேசி முடிச்சாச்சு. சம்பளம் நெத்திலி. கரையில மட்டும் ஒரு தொட்டி கட்டணும்."

"பின்ன ஏன்வே கூட்டிட்டு வரல?"

"நெடும்பாறைக்காரன் சட்டம் பேசுனான். வெளியூர் ஆட்டக்காரன் ஆதார் கார்டு காட்டணுமாம். ஓங்கலுக்குக் கைரேகை எங்க எடுக்க?"

மிக்கேலடிமை எழுந்தே நின்னுட்டார். "வே கிளீட்டஸ், இந்த ஓங்கல், ஷேக்கு எல்லாம் கிடக்கட்டும். மாஸ்டர் போயிட்டார்னா என்ன செய்வீரு?"

"போனா இந்த மீசையை இந்த இடத்துலயே, ரெஜினா கத்தியால, நானே எடுக்கேன்."

அவர் சொல்லி முடிக்கவும் வாசலில் ஹார்ன் அடிக்கவும் சரியா இருந்தது.

"பாத்தியளா?" அண்ணன் முகம் மலர்ந்தது. "பிரேசில்காரன் காரு. நேர்ல வந்துட்டான். நான் பாத்துகிடுதேன்."

காருமில்ல, பிரேசிலுமில்ல. நெடும்பாறையிலிருந்து வந்த கருவாட்டு டெம்போ. வாசனை முன்னால் வந்தது, டிரைவர் பின்னால் இறங்கினான். "மாஸ்டர் இருக்காரா? கூட்டிட்டு வரச் சொன்னாவ."

சாக்குப் படுதா விலகியது. பெல்லார்மின் மாஸ்டர் வந்து கை கழுவினார். பையைத் தோளில் மாட்டினார்.

"மாஸ்டர்!" என்றார் தார்சியூஸ். "பிரேசில், அரபு எல்லாம் வேண்டாம்னு சொன்னிய, நெடும்பாறைக்கா போறிய?"

"பிரேசிலும் கூப்பிடல, அரபும் கூப்பிடல. நெடும்பாறை மட்டும்தான் கூப்பிட்டுது."

"எவ்வளவு கூடத் தாறானுவ? நாங்களும் தாறோம்."

"கூட ஒண்ணும் தரல. அங்க ரெண்டு போஸ்ட்டுலயும் வலை கட்டியிருக்கானுவ."

எல்லாரும் மைதானத்தைத் திரும்பிப் பார்த்தாங்க. எங்க ரெண்டு போஸ்ட்டும் எலும்பு மாதிரி நின்னுச்சு. அதுக்குள்ள வழியா கடல் தெரிஞ்சது. கடற்கரையில் மலை மலையாக வலை கிடக்கு. வீட்டு வாசல், கட்டுமரம், வள்ளம், எங்க பார்த்தாலும் வலைதான். போஸ்ட்டில் மட்டும் இல்ல. நானும்தான் தினமும் பார்க்கிறேன், தோணவே இல்ல.

மாஸ்டர் ஜெனிஸ் பக்கம் திரும்பினார். "ஜெனிஸ், நீ அடிச்சது கோல்தான். நான் கம்பத்துக்கு நேராத்தான் நின்னேன். வலை இருந்திருந்தா பந்து அதுலயே கிடந்திருக்கும். ரெஃபரி கையால எடுத்துப் பாத்திருப்பான்."

ஜெனிஸ் தட்டிலிருந்த கிழங்கை வாயில் போட்டான். அன்னைக்கு அதுதான் அவன் முதல் வாய்.

"நமக்கு வலை இருந்ததே" என்றார் தார்சியூஸ். "நீலக் கலர், ரெண்டு போஸ்ட்டுக்கும் சேத்து."

"இருந்தது. போன பெருநாளுக்கு முன்ன ஒரு ஓரம் கிழிஞ்சது. தைச்சுத் தாறேன்னு ஒருத்தர் வாங்கிட்டுப் போனார்."

மிக்கேலடிமை மெல்ல உட்கார்ந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்ல. "வே கிளீட்டஸ். உமக்க வீட்டுக் கோழிக்கூட்டைச் சுத்தி ஒரு வலை கட்டியிருக்கீரே. அது என்ன கலர்வே?"

கிளீட்டஸ் அண்ணன் கை மீசைக்குப் போச்சு. "அது... நீங்க நினைக்கிற மாதிரி சாதாரணக் கோழியில்ல கேட்டியளா. அதுல ஒரு சேவல் இருக்கு. அது வெளிய வந்தா..."

"அண்ணே" என்றார் மாஸ்டர். "கோழியை வேற எங்கயாவது அடைச்சுக்கோங்க. இந்த டிரைவர் ஒரு டீ குடிக்கிற நேரம்தான் நிப்பான்."

அண்ணன் ஓடினார். மடிச்சுக்கட்டின வேட்டியோடு, ஒத்தைச் செருப்போடு. பின்னால் தார்சியூஸ், அவருக்குப் பின்னால் ஜெனிஸ். மிக்கேலடிமை ஓடல. சிரிச்சு முடிக்கணுமே.

டிரைவர் என்கிட்ட டீ கேட்டான். அடுப்பை ஊதி ஊதிப் பற்றவச்சேன். அப்புறம் ஆத்தினேன். இந்தத் தம்ளரிலிருந்து அந்தத் தம்ளருக்கு, அந்தத் தம்ளரிலிருந்து இந்தத் தம்ளருக்கு.

"போதும் அக்கா" என்றான் அவன்.

"சூடு மக்ளே. நாக்கு வெந்துரும்."

"ஆறிப்போச்சு அக்கா."

"அப்ப திரும்பச் சூடு பண்ணணும்" என்று சட்டியில் ஊற்றினேன். மாஸ்டர் என்னைப் பார்த்தார். சிரிச்ச மாதிரி இருந்தது. பையைத் தோளிலிருந்து இறக்கிப் பெஞ்சில் வச்சார்.

நான் மூணாவது தரம் ஆத்தும்போது அவங்க வந்துட்டாங்க. நீல வலையை மூணு பேரும் சுமந்துக்கிட்டு, வழியெல்லாம் இறகு பறக்க. ஒரு கோழி வலையோடவே வந்துட்டுது. கிழிஞ்ச ஓரம் கிழிஞ்சபடியே இருந்தது. மைதானத்திலேயே உட்கார்ந்து அண்ணன் அதைத் தைச்சார். தைச்சு முடிக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. ஊரே வந்து வேடிக்கை பார்த்தது, வலையை இல்ல, அவர் பேசாததை. டெம்போ வெறும் கருவாட்டோடு திரும்பிப் போச்சு.

மறுநாள் காலையில் களியக்காவிளை மீன் வியாபாரி கிழங்கு தின்ன வந்தார். அண்ணனின் பழைய சிநேகிதர். "கேட்டீரா, உங்க மாஸ்டர் நெடும்பாறைக்குப் போறாருன்னு பேச்சு. நின்னுட்டாராமே, எப்படி?"

கிளீட்டஸ் அண்ணன் மீசையைத் தொடல. அடக்கமாகவே சொன்னார். "எனக்க வீட்டுக் கோழிக்கூட்டை அவிழ்த்தேன். அதான் நின்னார்."

வியாபாரி கையிலிருந்த கிழங்கைத் தட்டிலேயே போட்டார்.

"போவும்வே. புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணும். அன்னைக்கு அந்த ஷேக்கு கதை சொன்னீரே, அதாவது நம்புற மாதிரி இருந்துது."